வெறும் வயிற்றில் ஊசி

எனக்கு வாடிப்பட்டி. தையல் மிஷின் மிதித்துத்தான் குடும்பம் ஓடுகிறது. போன வருடம் வலது முழங்கால் வீங்கி, மிஷினை மிதிக்க முடியாமல் போய்விட்டது. மூட்டுத் தேய்மானம் என்று சொன்ன எலும்பு டாக்டர், மாத்திரை, கால் பயிற்சியோடு அக்குபஞ்சரும் செய்து பார்க்கச் சொன்னார்.

ஊசி என்றால், ரத்தப் பரிசோதனை போல, வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்று நானே முடிவுகட்டினேன். அன்று செவ்வாய் விரதம் வேறு. காபிகூடக் குடிக்காமல் நாத்தனாரோடு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

அங்கே அக்குபஞ்சர் டாக்டரம்மா போட்ட நாலாவது ஊசியில் கண் இருட்டி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"மதினிக்குக் கண்ணு சொருகுதே! காலு போனாப் போகுது, ஆளு இருந்தாப் போதும், வாங்க போயிருவோம்!" என்று அலறினாள் நாத்தனார்.

டாக்டரம்மா ஊசிகளை எடுத்து, என்னைப் படுக்க வைத்தார். "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"பச்சத் தண்ணிகூடக் குடிக்கலம்மா."

"பட்டினியா வந்தா மயக்கம் வராம என்ன செய்யும்? நானும் கேக்காம விட்டுட்டேன், என் தப்புந்தான்."

அடுத்த வாரம் பயந்துகொண்டேதான் போனேன், மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு. மயக்கம் வரவில்லை. பத்து முறை போனதில் வீக்கம் வடிந்திருக்கிறது. வலி முழுதாகப் போகவில்லை; ஆனால் ஒரே மூச்சில் ஒரு ரவிக்கை தைத்துவிடுகிறேன். மாத்திரையையும் பயிற்சியையும் நிறுத்தவில்லை.

இப்போது நாத்தனாருக்கும் மூட்டுவலி. "எம்புட்டு இட்லி தின்னுட்டு வரணும், மதினி?" என்று கேட்டாள். இந்தத் தடவை நானாக எதையும் முடிவுகட்டவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டேன்.