ஜேபஸின் செங்கல்

கனடாக்காரன் பின்னாலே ஓடிப்போனாள், பிறந்த வீட்டு வெள்ளிச் சாமானை வாரிக்கொண்டு போனாள் என்று பேசுகிற வாயெல்லாம் கொஞ்சம் மூடிக்கொள்ளட்டும். ஓடிப்போகிறவளுக்கு அவள் புருஷனே பெட்டி தூக்குவானா? ஈனிட் அறுபதைத் தாண்டியவள், மாடிப்படி ஏறினால் முட்டி பிடித்துக்கொள்ளும். அந்தக் கனடாக்காரர் ஆர்வலுக்கோ எழுபது வயது, பாதிக் காது கேட்காது. ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில் குனிந்து குனிந்து நின்றதைப் பார்த்தாளாம் பாஸ்க் அம்மாள். பார்த்தவள் கிட்டே போய் என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஊருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது, அதுதான் சங்கதி.

ஈனிட் பிறந்தது இந்த வெக்ஸ்தோர்ப் ஊரின் கட்ஃபோர்த் வீட்டில். இப்போது அந்த வீட்டுக்குத் தலை அவள் அண்ணன் வால்ட்டர். சர்ச்சில் முதல் வரிசைக்காரர். குடும்பத்து வம்சத்தை ஒரு பெரிய பலகையில் மரமும் கிளையுமாக எழுதவைத்து, அறுவடைப் பண்டிகைக்கு உறவெல்லாம் கூடும்போது ஊர் மண்டபத்தில் மாட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எழுதுகிற ஆளையும் அமர்த்திவிட்டார்.

அந்தக் கோடையில்தான் ஆர்வல் வந்து இறங்கினார். கனடாவில் சஸ்காச்சுவான் பக்கம் கோதுமை விளைவிக்கிறவர். அகலத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க தாத்தா ஜேபஸ் கட்ஃபோர்த் இந்த ஊருதாங்க. இங்கேருந்துதான் கப்பலேறினாரு," என்றார்.

வால்ட்டர் அவரை நேரே சர்ச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போய், பாசி படிந்த ஒரு சின்னக் கல்லைக் காட்டினார். ஜேபஸ், கைக்குழந்தை, 1846.

"எங்க வீட்டுல ஒரே ஜேபஸ்தான். பல்லு முளைக்கும் முன்னாடியே போய்ச் சேந்துட்டான். நீங்க வேற ஊரைப் பாருங்க."

ஆர்வல் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ எங்க தாத்தா செத்தப்புறம்தான் ஏழு புள்ளை பெத்திருக்காரு," என்றார்.

வால்ட்டர் சிரிக்கவில்லை. ஒரு கோப்பை டீகூடக் கொடுக்காமல் வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஈனிட்டுக்குப் பொறுக்காமல் போனது அந்த டீதான். கடல் தாண்டி வந்தவரை நாக்கு வறள அனுப்புவதா? பஸ் நிறுத்தத்துக்கே போய் அவரை வீட்டுக்கு அழைத்துவந்தாள். பழரொட்டியை வெட்டி, மேலே தாராளமாக வெண்ணெய் தடவி வைத்தாள். சாப்பிட்டபடியே ஆர்வல் சொன்னார்: "எங்க தாத்தாவுக்கு முன்னாடி ஒரு குழந்தை செத்துப்போச்சாம். அது இழுத்துக்கிட்டு கெடந்தப்போ பாதிரியார் வரலியாம். அந்தக் கோவத்துல அவரு அம்மா அடுத்த புள்ளையத் தூக்கிட்டுப் போயி சர்ச்சை விட்டுப் பிரிஞ்சு தனியாக் கும்பிடற சேப்பல்காரங்ககிட்ட ஞானஸ்நானம் பண்ண வெச்சாங்களாம். எனக்கு ஒண்ணும் வேணாம்மா. அந்தப் பலகையில ஓரமா ஒரு கிளை. என் பேத்திக்கிட்ட, நாம இந்த மரம்னு காட்டணும்."

"போட வைக்கிறேன்," என்றாள் ஈனிட். வாயிலிருந்து வார்த்தை விழுந்துவிட்டது. இனி அவள் பின்வாங்க மாட்டாள்.

மறுநாள்தான் ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில் குனிந்து நின்றது. டவுஸ் என்கிற இன்னொரு குடும்பத்துக் கல்லைப் படித்தார்கள். ஒரே கல்லில் மூன்று ஜார்ஜ், மூன்றும் அண்ணன் தம்பிகள். அந்தக் காலத்தில் பிள்ளை செத்தால் பேரைச் சாகவிட மாட்டார்கள். அடுத்துப் பிறந்ததற்கு அதையே வைத்துவிடுவார்கள். ஆர்வல் ஊருக்குக் கிளம்பியதும் ஈனிட் இதை அண்ணனிடம் சொன்னாள்.

"டவுஸ் வீட்டுக் கதைய நம்ம வீட்டுல ஒட்டவைக்காத, ஈனி. ரெண்டாவது ஜேபஸ் இருந்தா அவனுக்கு ஞானஸ்நானம் எங்க? கல்லு எங்க? எதுவுமே நம்ம சர்ச்சுல இல்லியே."

"நம்ம சர்ச்சுல மட்டும் தேடினா எப்படிக் கெடைக்கும்?"

வால்ட்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. சர்ச்சுக்காரர் எவரும் முன்னோரைத் தேடிச் சேப்பல் பக்கம் போனதில்லை. சின்ன வயதில் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றதற்கே ஈனிட் அடி வாங்கியிருக்கிறாள். இப்போது சேப்பலில் ஜெபம் நின்று, ஒரு விவசாயி உருளைக்கிழங்கு கொட்டிவைத்திருக்கிறார். ஈனிட் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், சுவரோரம் மண்டிக் கிடந்த காஞ்சொறியை வெட்டினாள். கையெல்லாம் தடித்துப்போனது. சேப்பல் கட்டியவர்கள் ஆளுக்கொரு செங்கலில் பேர் வெட்டி வைப்பது வழக்கம். கீழ் வரிசையில் இருந்தது: ஜேபஸ் கட்ஃபோர்த், 1867.

அண்ணன் பார்க்க வரவில்லை. "உருளைக்கிழங்குக் கொட்டாய்ல எனக்கென்ன வேலை?" என்றார்.

அவர் வரமாட்டார் என்றால் செங்கல் வரட்டும் என்றாள் ஈனிட். விவசாயியிடம் கேட்டுக்கொண்டு, அவள் புருஷன் சிரில் உளி வைத்துப் பெயர்த்துக் கொடுத்தார்.

பண்டிகை அன்று மண்டபம் நிறைய கட்ஃபோர்த்துகள். மேசையில் பன்றித்தொடைக் கறி, ஊறுகாய், கேக். சுவரில் பலகை, தங்க எழுத்து. ஈனிட் பைக்குள்ளிருந்து செங்கலை எடுத்து, கேக்குக்குப் பக்கத்தில் பேர் தெரிய வைத்தாள்.

"படி, வால்ட்டர். செத்த குழந்தை இருபது வருஷம் கழிச்சு எழுந்து வந்து செங்கல் வெக்குமா?"

வால்ட்டர் படித்தார். முகம் சிவந்தது. "இருக்கட்டும். சேப்பலுக்குப் போனான், ஊரை விட்டும் போனான். வெளிய போனவன் வெளியதான். பலகை எழுதி முடிஞ்சாச்சு," என்றார்.

"ஓரத்துல எடம் இருக்கே."

"அது சட்டம் அடிக்கிற எடம். நீ எதுக்கு இப்படிக் குதிக்கிற? நீயே இப்போ ஸ்டெபிங் வீட்டுக்காரி. ஏதோ பொறந்தவளாச்சேன்னு உன் பேரப் போட்டேன்."

ஈனிட் பலகையில் தன் பேரைத் தேடினாள். இருந்தது. அதற்குக் கீழே கோடு இல்லை, அவள் பெற்ற ரெண்டு பிள்ளைகளும் இல்லை.

"அப்போ அதையும் அழிச்சிரு," என்றாள். "அவரு எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம். எடம் மிச்சமாச்சுன்னா இன்னும் ரெண்டு பூ வரையச் சொல்லு."

"ஈனி, உக்காரு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தானே கூப்பிட்டிருக்க."

ஒரு துண்டை எடுத்துச் செங்கலைச் சுற்றினாள். பாஸ்க் அம்மாள் வெள்ளிச் சாமான் மூட்டை என்று பார்த்தது இதைத்தான். கேக்கில் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டாள், அவள் சுட்ட கேக்தானே அது. ஒருத்தரும் வழி மறிக்கவில்லை.

வாசலில் சிரில் வேனைக் கிளப்பி வைத்திருந்தார். அண்ணன் இதைத்தான் சொல்வார் என்று தெரிந்தே, பலகையில் இல்லாவிட்டால் செங்கலையே ஆர்வலின் பேத்திக்குக் கொண்டுபோய்க் காட்டுவது என்று, கனடாவுக்கு முன்கூட்டிப் பெட்டி கட்டியாகிவிட்டது. அவரால் கூடப் போக முடியாது, வீட்டில் பன்றி குட்டி போடுகிற நேரம்.

"பாத்து, கெழவி. கால்ல போட்டுக்காத," என்று கதவைத் திறந்துவிட்டார்.

"நீ பன்னியப் பாரு," என்றாள் ஈனிட். செங்கலை மடியில் வைத்துக்கொண்டாள்.