பிரஷ் பார்த்துச் சொல்பவர்

நான்காவது பிரஷ்ஷை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கையுறை போட்ட கட்டைவிரலால் அதன் நார்களை ஒரு பக்கமாக வருடிவிட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி முகர்ந்தும் பார்த்தபின் அவர் கேட்டார்: "இது யாரோடது, பெரியவரோடதா?"

காத்திருப்போர் அறையின் மூலையிலிருந்து ஒரு கிழவர் கையைத் தூக்கினார்.

"ஐயா பல்லே தேய்க்கல. பிரஷ்ஷ நனைச்சு வச்சுட்டு வெளிய வந்துட்டீங்க."

"இருக்கிறதே ஆறு பல்லும்மா. அதுக்குப் போயி..."

"வீட்டுல ஆறு பேருதான் இருக்காங்கன்னு வீட்டைப் பெருக்காம விட்டுடுவீங்களா?"

அறை சிரித்தது. கிழவரும் ஆறு பல்லும் தெரியச் சிரித்தார்.

ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கும் அந்தப் பல் மருத்துவமனையில் இவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக உதவியாளர். மருத்துவர் கேட்குமுன் கருவியை நீட்டுவது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கொதிகலத்தில் இடுக்கிகளை வேகவைப்பது, அழும் குழந்தையின் வாயைத் திறக்கவைப்பது எல்லாம் இவர் வேலை. கடைசி வேலைக்காகத்தான் ஊர்ப் பிள்ளைகள் இவருக்கு 'ஆ அக்கா' என்று பெயர் வைத்தார்கள். "ஆ சொல்லு" என்று இவர் சொல்வதில்லை. தன் வாயை 'ஆ' என்று அகலத் திறந்து, "என் வாயில எத்தன பல்லு, எண்ணிச் சொல்லு பாக்கலாம்" என்பார். எண்ணுகிற குழந்தையின் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

குடும்பத்தோடு பல் காட்ட வருகிறவர்கள் வீட்டிலுள்ள எல்லாப் பிரஷ்களையும் எடுத்துவர வேண்டும் என்பது இவர் வைத்த சட்டம். மருத்துவருக்கே இதில் முதலில் நம்பிக்கை இருக்கவில்லையாம். ஒரே மாதத்தில் நார்கள் பூப்போல விரிந்துவிட்டால் அந்த ஆள் ஈறை அறுக்கிறார். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் மறு பக்கத்தில் ஏதோ வலி, அங்கே பிரஷ்ஷைக் கொண்டுபோகப் பயப்படுகிறார். அடியில் பசை கெட்டியாக உறைந்திருந்தால் அவசரக்காரர். "வாயி பொய் சொல்லும் சார். பிரஷ்ஷு சொல்லாது" என்றார் என்னிடம்.

நான் ஒரு கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்காக நான்கு முறை அங்கே போக வேண்டியிருந்தது. பிரஷ் பார்த்துச் சொல்வதும் கைரேகை பார்த்துச் சொல்வதும் ஒன்றுதான் என்று முதல் நாள் நினைத்தேன். தேர்ந்த கவனிப்பு வேறு, அறிவு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் பாதிப் பேரைக் கடைவாய்ப் பல்லால் அடையாளம் சொல்லத் தெரிந்த இவருக்கு, அவர்கள் முகம் நினைவில் நிற்பதில்லை என்பதும் என் ஐயத்துக்கு வசதியாக இருந்தது. பேருந்தில் யாராவது வணக்கம் சொன்னால், அவர்கள் சிரிக்கும்வரை ஆள் யாரென்று இவருக்குத் தெரியாது. சிரித்ததும், "அட, கீழ் இடது ஆறாம் பல்லு! அடைச்சது நிக்குதா?" என்பார். இவருக்கே ஒரு தெத்துப்பல் உண்டு. இத்தனை வருடம் இங்கே வேலை பார்த்தும் ஏன் சரிசெய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். "வரிசையில நிக்க மாட்டேங்குது, ஆனா வேலையில கொறை வைக்கல. அதை எதுக்கு சார் வம்புக்கு இழுக்கணும்?" என்றார்.

இரண்டாவது முறை நான் போனபோது ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். மனைவி தையற்காரர். ஆறு வயது மகள் ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை நாக்கால் முன்னும் பின்னும் தள்ளியபடி இருந்தாள். அக்கா மனைவியின் வாயைப் பார்த்ததுமே, "முன்பல்லுல பள்ளம் விழுந்திருக்கு. கத்தரிக்கோல் இல்லாத தையக்கடையா?" என்றார்.

"நூலைக் கடிச்சுக் கடிச்சே பழகிடுச்சு அக்கா."

"இவ பல்லாலயே துணி வெட்டுவா" என்றார் பயிற்சியாளர். நல்ல சிரிப்பு அவருக்கு. வரிசையான முன்பற்கள்.

மனைவி அதைப் பெருமையாகப் பார்த்தார். "இவரு சிரிப்பைப் பாத்துத்தான் அக்கா நான் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னேன். வேற என்ன இருந்துச்சு இவருகிட்ட?"

"மாட்டை வாங்குறப்பதான் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்க. என்னையும் பாத்துட்டா" என்று பயிற்சியாளர் அறையைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

அக்கா பையிலிருந்து மூன்று பிரஷ்களை எடுத்தார். மகளுடையதுக்கு ஒரு பாராட்டு. மனைவியுடையதுக்கு ஒரு திட்டு. மூன்றாவதை முகர்ந்தார். வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"இதுல என்ன, சோப்பு வாசனை..."

அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் எதிரே இருந்ததால் பயிற்சியாளரின் முகம் எனக்குத் தெரிந்தது. சற்று முன் அறையையே சிரிக்கவைத்த வாய் ஒட்டினாற்போல மூடியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரும் தங்கள் சொந்தப் பல்லைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில்லை. கழற்றி மாட்டும் பல்லைத்தான் தேய்ப்பார்கள், பற்பசை அதில் கீறல் விழவைக்கும் என்பதால்.

"சோப்பா? எதுக்கு சோப்பு?" என்றார் மனைவி.

"என் கைதாம்மா. இப்பத்தான் சோப்புப் போட்டுக் கழுவுனேன். என் கை வாசனையையே மோந்து பாத்திருக்கேன் பாருங்க, வயசாயிடுச்சு." அதே மூச்சில், "தம்பி, உங்களுக்குக் கறை இருக்கு, உள்ள வாங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கயே உக்காருங்க" என்று அவரை எழுப்பி உள்ளே அழைத்துப் போய்விட்டார்.

உண்மை சொல்வது எந்த நிலையிலும் தவறக்கூடாத கடமை என்று வாதிடும் நூல்கள் உண்டு. விளைவை எண்ணிப் பேசு என்று வாதிடும் நூல்களும் உண்டு. இரு தரப்புக்கும் அதைச் சொல்லி முடிக்கச் சில நூறு பக்கங்கள் தேவைப்படுகின்றன.

உள்ளே இரண்டு சிகிச்சை நாற்காலிகள். நடுவில் ஒரு துணித்திரை. அடுத்து என்னையும் உள்ளே கூப்பிட்டு ஊசி போட்டிருந்தார்கள்; மரத்துப்போன உதட்டோடு நான் ஒன்றில் கிடந்தேன். அடுத்ததிலிருந்து வந்த பேச்சைக் கேட்காமல் இருக்க வழியில்லை.

"என் வாய் முந்திக்கிச்சு தம்பி. மன்னிச்சுக்கோங்க" என்று முதலில் சொன்னவர் அக்கா.

பயிற்சியாளர் சொன்னார்: பத்தொன்பது வயதில் பைக்கிலிருந்து விழுந்து மேல்வரிசையில் நான்கு பற்கள் போயிருக்கின்றன. பெண் பார்க்கப் போகுமுன்பே செயற்கைப்பல் மாட்டியாகிவிட்டது. முதல் நாளே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பிறகு சொல்ல நாளே வரவில்லை.

"ராத்திரி கழட்டுறீங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"எப்படி டாக்டர் கழட்டுறது? பக்கத்துல அவ இருப்பாளே."

"எத்தன வருஷமா?"

"ஏழு."

கருவிகள் மாறி மாறித் தட்டில் விழும் ஓசை கேட்டது. பிறகு மருத்துவர் நிதானமாகச் சொன்னார். மேல்வாய் முழுதும் சிவந்து வெந்துபோய் இருக்கிறது. செயற்கைப்பல்லின் கம்பிக் கொக்கிகள் பிடித்திருக்கும் இரண்டு நல்ல பற்களும் ஆட ஆரம்பித்துவிட்டன. தினமும் இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வாய்க்கு ஓய்வு கொடுக்காவிட்டால் அந்த இரண்டும் போய்விடும்.

"நாலு போனதுக்கே இந்தப் பாடு" என்றார் பயிற்சியாளர். "ஸ்டியரிங் புடிக்கத் தெரியாதவன் பக்கத்துல நாள் பூரா தைரியமா உக்காந்திருக்கேன். வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிய வைக்கத் தைரியம் இல்ல. அவ சொன்னதக் கேட்டீங்கல்ல? சிரிப்பைப் பாத்துத்தான் சரின்னு சொன்னாளாம்."

"நீங்களாச் சொல்லுற வரைக்கும் இந்தத் திரைக்கு வெளிய இது போகாது" என்றார் அக்கா. 'சொல்லிவிடுங்கள்' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எனக்கு வாய் மரத்திருந்தது நல்லதாயிற்று. நானாக இருந்தால் அறிவுரை சொல்லியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து மூன்றாவது முறை போனேன். அறையில் நானும், மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவும் மட்டும். தையற்காரர் தனியாக வந்தார். உட்காரவில்லை.

"அக்கா, அன்னிக்கு உங்க கையில கையுறை இருந்துச்சு."

அக்கா துடைப்பதை நிறுத்தினார்.

"கை கழுவுன சோப்பு கையுறைக்கு வெளிய எப்படி வாசம் வரும்? பொய் சொல்லத் தெரியல உங்களுக்கு."

"தெரியலம்மா" என்று ஒப்புக்கொண்டார் அக்கா. "ஆனா நான் வேற எதுவும் சொல்ல முடியாது. தப்பா நினைக்காதீங்க."

"நீங்க சொல்ல வேணாம். எனக்கு ஏழு வருஷமாத் தெரியும்." தையற்காரரின் குரல் இறங்கியது. "கல்யாணம் ஆகி நாலாவது மாசம் அவருக்குக் காய்ச்சல். விடிய எழுந்து பாத்தா தலகாணியில கெடக்கு, நாலு பல்லு. பாக்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல எழுந்து அவசர அவசரமா மாட்டிக்கிட்டாரு. பாவமா இருந்துச்சு. இவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கிறவருகிட்ட போயித் தெரியும்னு எப்படிச் சொல்றது? அவரு சவரப் பெட்டியில ஒளிச்சு வச்சிருந்த பிரஷ்ஷ நான்தான் எடுத்துட்டு வந்தேன். நீங்களாவது கண்டுபிடிச்சு ஏதாவது வழி பண்ணுவீங்கன்னு."

"அப்ப அந்தச் சிரிப்பு விஷயம்? எல்லாரு முன்னாடியும் சொன்னீங்களே?"

"அதை அடிக்கடி சொல்லுவேன் அக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது, பயப்பட வேணாம்னு அவருக்குப் புரியட்டுமேன்னு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். இவர் இதற்கும் ஆறுதல்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க சொல்லச் சொல்ல அவரு இன்னும் இறுக்கிக் கடிச்சுக்கிட்டாரும்மா" என்றார். குரலில் கடுமை இல்லை, குழைவும் இல்லை. "நல்ல மனசுதான், இல்லேங்கல. அந்த நல்ல மனசு அவரு வாய்க்குள்ள என்ன பண்ணியிருக்குன்னு அவரே உங்களுக்குக் காட்டுவாரு. நான் காட்ட மாட்டேன்."

தையற்காரர் அழுதார். அக்கா அழவிட்டார். பிறகு அலமாரியைத் திறந்து, மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். "இதுல பாதி தண்ணி ஊத்தி அவரு பக்கத்துல வச்சிருங்க. ஒரு வார்த்தையும் பேச வேணாம். முக்கியமா அந்தச் சிரிப்புப் பேச்சு வேணாம்."

"அவரு பாத்துட்டுக் கோவப்பட்டா?"

"ஏழு வருஷம் பொறுத்தவருக்கு ஒரு டப்பா மேல என்னம்மா கோவம் வந்துடப் போகுது?"

சொல்லுக்கும் பேசாமலிருப்பதற்கும் நடுவே ஒரு டப்பாவுக்கு இடம் இருக்கிறது என்பது நான் படித்த எதிலும் இல்லை. அவர் போனபின் அக்கா கொதிகலத்திலிருந்து இடுக்கிகளை எடுத்து, ஒன்றும் நடக்காததுபோல வரிசையாக அடுக்கினார். அடுத்து வந்த குடும்பத்தின் பிரஷ் பையை வாங்கியதும் ஜன்னலருகே போகவில்லை. உள் அறைக்கு எடுத்துப் போனார். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, அவரவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி அனுப்பினார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். அறை முழுதும் சிரித்த பழக்கம். ஒரு தவறுக்காக அதை விட்டுவிட்டார். யாரிடமும் அதை ஒரு முடிவாக அறிவிக்கவும் இல்லை. நான் வியப்பைச் சொல்லத் தயங்குகிறவன். அன்று வீடு திரும்பும்போது எனக்குச் சொல்ல வியப்பைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை.

கடைசி முறை, பல்லுக்கு மேலுறை மாட்ட, மூன்று வாரம் கழித்துப் போனேன். அடுத்த நாற்காலியில் பயிற்சியாளர். திரை அன்று இழுக்கப்படவில்லை. வாசலில் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். மகளின் முன்பல் விழுந்திருந்தது.

"ரெண்டு நாள் அந்த டப்பா அப்படியே இருந்துச்சு டாக்டர்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "யாரு வச்சதுன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. மூணாவது நாள் போட்டுட்டேன். காலைல எழுந்து பாக்கறேன், தண்ணி மாத்தியிருக்கு."

"அதுக்கப்புறம் என்ன பேசுனீங்க?"

"அவதான் பேசுனா. 'காப்பி குடிக்கிறீங்களா'ன்னு கேட்டா. அவ்ளோதான்."

மருத்துவர் பல்லைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு மேல்வாயைப் பார்த்தார். சிவப்பு ஏறக்குறைய மறைந்திருந்தது. கொக்கி பிடித்த இரண்டு பற்களும் தப்பிவிடும் என்றார். பயிற்சியாளரின் மனைவி வாசலிலேயே நின்றார். இரவில் பக்கத்தில் இருந்தாலும் வெளிச்சத்தில் அந்த வாயை அவர் இதுவரை பார்த்ததில்லை என்பது நின்ற விதத்தில் தெரிந்தது. பயிற்சியாளர் மெல்ல உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார்.

மகள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "ஐ! அப்பாவுக்கும் விழுந்துடுச்சு! எனக்கு ஒண்ணுதான், அப்பாவுக்கு நாலு!"

மருத்துவர் சிரித்துவிட்டார். பயிற்சியாளருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கை பாதி வழியில் நின்றது.

"கண்ணாடி குடுங்க அக்கா. எப்படி இருக்குன்னு பாத்துக்கறேன்" என்றார் பல்லில்லாத குழறலோடு.

அக்கா கைக்கண்ணாடியை எடுத்தார். அவரிடம் நீட்டப் போனவர், ஒரு கணம் யோசித்து, அதைத் தட்டின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். வாசலுக்குப் போய்த் தையற்காரரின் தோளைப் பிடித்து நடத்திவந்து, நாற்காலிக்கு நேர் எதிரே, கண்ணாடி பிடிக்கும் தூரத்தில் நிறுத்தினார்.