ராக்கெட் ஊரில் தோற்ற புவியீர்ப்பு

இந்த மாதம் நான் புவியீர்ப்பு விசைக்காக வாதாடித் தோற்றுப்போனேன். சிரிக்காதீர்கள்... ராக்கெட் செய்கிற திருவனந்தபுரத்தில், படித்தவர்கள் நிறைந்த சபையில்!

கிழக்கேகோட்டையில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் மாதக் கூட்டம். புவியீர்ப்புக்கு ஆதாரம் அதிகமா, மாற்றுக் கொள்கைகளுக்கா என்று ஒரு விவாதம். சீட்டுக் குலுக்கியதில் புவியீர்ப்பு எனக்கு வந்தது. எதிர்ப்பக்கம் என் ஆபீஸ் நண்பர் ஹரிஹரன்.

ஜெயிப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் எதையும் படித்துக்கொண்டு போகவும் இல்லை. ஹரிஹரனோ பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, கத்தையாகப் பிரின்ட்-அவுட் எடுத்து வந்திருந்தார். பூமி எதையும் இழுப்பதில்லையாம். ஈதர் என்ற ஒன்று மேலிருந்து நம்மை அழுத்துகிறதாம். நிதானமாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பூமி இழுக்கறதுன்னு சொல்றேளே சாரே... எப்படி இழுக்கறதுன்னு கொஞ்சம் விளக்குங்கோ."

கிரகணத்தை முன்கூட்டியே கணக்கிட முடிகிறதே, கடல் ஏறி இறங்குகிறதே — எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நானோ, இது சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். ஈதர் ஜெயித்தது. தூக்கிய கைகளில் ஒன்று என் மனைவியுடையது! வீடு திரும்பும்போது காரணம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார், நீங்கள் அதட்டினீர்கள் என்றாள். என்னத்தைச் சொல்ல?

அதிர்ச்சி அதோடு முடியவில்லை. நேற்று ஹரிஹரன் வெளிறிப்போன முகத்தோடு என் மேஜைக்கு வந்தார். அன்று கூட்டத்துக்கு வந்திருந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் பரீட்சையில் ஈதரை எழுதிவிட்டாளாம். பெரிய சிவப்பு முட்டை.

"நேக்கு அதுல நம்பிக்கையே கிடையாது சாரே. சீட்டுல வந்துது, பேசினேன்..."

சாயங்காலம் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். தான் பேசியது அத்தனையும் தப்பு என்று அந்தப் பெண்ணிடம் ஹரிஹரன் கும்பிடாத குறையாகச் சொன்னார். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். தோற்ற நான்தான் அவரை மிரட்டிச் சொல்ல வைத்திருக்கிறேன் என்று நினைத்தாளாம்!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளெதிரே உட்கார்ந்து, கிரகணத்தில் ஆரம்பித்து, கடலைச் சொல்லி, ஈதர் எந்தச் சோதனையில் அடிபட்டுப்போனது என்பதுவரை மெதுவாக விளக்கினேன். எதிர்க்கேள்விகள் கேட்டாள். தெரியாததைத் தெரியாது என்றேன். ஒரு மணி நேரம் ஆனது.

கடைசியில் தலையாட்டினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"இதை அன்னிக்கே பறஞ்சிருக்கலாமே, அங்கிள்?"

சொல்லியிருக்கலாம். அதட்டியது நான்... மார்க் போனது அவளுக்கு.