கீரையைச் சுற்றி எடுத்த களை

எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம்தான். பூச்செடி வைத்த இடத்துக்கு அந்தப் பேர் கிடையாது. அது 'வாசல்ல நாலு செடி'. தோட்ட வேலை என்றால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் போய் நின்று பேர் கொடுத்துவிட்டு மலையேறிக் கொழுந்து எடுப்பது, களை எடுப்பது, மருந்தடிப்பது. வண்டிப்பெரியாருக்கு மேலே, வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்தில், அந்த வேலைக்காகக் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் நான் பிறந்தேன். குடும்பத்தில் ஒரு ஆளாவது பிரட்டுக்குப் போகும்வரை அது எங்கள் வீடு.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். "என்ன வேலைக்கு வேணாலும் போ. தோட்ட வேலைக்கு மட்டும் வந்துராதலே." பத்தாம் வகுப்பு விடுமுறையில், செல்போன் ஆசையில், அவளுக்குத் தெரியாமல் களை எடுக்கப் போனேன். இரண்டாம் நாளே மேல்மலையிலிருந்து இறங்கி வந்தாள். எல்லார் முன்னாலும் என் கையிலிருந்த சுரண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான், டிகிரியும் நான்தான். ஒரு வருடம் ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே கிடைத்த வேலையைச் செய்யலாம் என்று ஒரு விசா இருக்கிறது. குலுக்கலில் என் பேர் விழுந்தது. போய் இறங்கிய இரண்டாம் மாதம் எனக்குக் கிடைத்தது, ஒரு வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் களை எடுக்கும் வேலை.

பூத்துக் கிடந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உண்ணிச்செடி. எங்கள் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கும் அதே மஞ்சளும் சிவப்பும். ஆஸ்திரேலியாவில் அது எங்கிருந்தோ வந்து காட்டையே மூடிவிட்ட களை. பெரிய தூரை அறுத்து, வெட்டுவாயில் உடனே மருந்து தடவ வேண்டும். சின்னதை வேரோடு பிடுங்க வேண்டும். அந்த ஊர்ச் செடியை மட்டும் விட்டுவிட்டு, வெளியிலிருந்து வந்தது எதுவானாலும் எடுத்துவிட வேண்டும். வந்து மூன்று மாதம் ஆகாத என்னிடம் அதைச் சொல்லிக் கொடுத்தபோது நான் தலையை நன்றாகவே ஆட்டினேன்.

இந்த வேலையை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தமிழில் எப்படிச் சொன்னாலும் தோட்ட வேலை என்றுதான் வருகிறது. "காட்டைப் பாதுகாக்கிற வேலைம்மா" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லைதான். மறுநாளே லயத்தில் நான் பாரஸ்ட் ஆபீசர் ஆகிவிட்டேன். பக்கத்து வீட்டு அத்தை வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "ஆபீசர் சார், புலி கிலி பாத்தீகளா?"

நிலத்துக்காரம்மா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். நான்காம் நாள் பஸ்ஸை விட்டுவிட்டு நேராக ஓடைக்கு வந்தார். சுத்தமாக எடுத்த கரையில், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறேழு செடிகள் மட்டும் நின்றன.

"உனக்குக் கண்ணாடி எதுவும் தேவைப்படுதா?" என்று கேட்டார்.

அப்போதுதான் நானே பார்த்தேன். மணத்தக்காளி. எங்கள் தோட்டத்தில் களை எடுக்கிறவர்கள் கீரையைப் பிடுங்குவதில்லை. சுற்றிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வழித்துவிட்டு, நடுவில் அதை நிற்க விடுவார்கள். பின்னால் மருந்து டப்பாவோடு வருகிறவருக்கு அது அடையாளம்: இங்கே அடிக்காதே, சாயங்காலம் யாராவது பறிப்பார்கள். நான் யோசித்துச் செய்யவில்லை. கை அதுபாட்டுக்குச் சுற்றிப் போயிருக்கிறது.

"இது சாப்பிடுகிற கீரை" என்றேன்.

"இது விஷம். என் பிள்ளைகளை இதைத் தொடக்கூட விட்டதில்லை. என் நிலத்தில் இதைத் தின்று நீ செத்துப்போனால் போலீசுக்கு நான் என்ன சொல்றது?" என்றார். கோபமில்லை, ஆனால் விளையாட்டும் இல்லை. "தெரிஞ்சவங்க யாரையாவது கேள். அதுவரைக்கும் வாயில் வைக்காதே."

கேட்பதற்கு எனக்கு ஒரே ஆள்தான். இலை நம் ஊரை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் எனக்கும் சந்தேகம். கையுறை, மருந்துப் புட்டி, தொப்பி எதுவும் தெரியாதபடி போட்டோவின் ஓரத்தை வெட்டி, செடியும் அதைச் சுற்றிய மண்ணும் மட்டும் தெரிய அனுப்பினேன். 'நம்ம மணத்தக்காளிதானம்மா?'

மூன்று மணி நேரம் பதில் இல்லை. அங்கே பகலில் கொழுந்தை எடை போட்டு முடித்ததும் அம்மா கூப்பிட்டாள்.

"கீரை நம்ம கீரைதான். பழம் கொத்தாத் தொங்குதுல்லா. மண்ணு கொழுத்த மண்ணு, அதான் எல பெருசு. அது கெடக்கட்டும். களை எடுத்தது யாரு?"

"எந்தக் களை?"

"தட்டு மாதிரி வட்டமா விட்டுருக்கு. வெள்ளைக்காரன் இப்படி எடுப்பானாலே? நம்ம ஆளுக யாரும் அங்க இருக்காகளா?"

இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நான்தாம்மா."

பின்னால் பெண்களின் பேச்சும் டிபன் பாக்ஸ் சத்தமும் கேட்டன.

"தோட்ட வேலையா?"

"ஆமா. ஆனா நம்மது மாதிரி இல்லம்மா. ஒரு வீட்டுக்குப் பின்னாடி."

"இங்கயும் தொரை பங்களாவுக்குப் பின்னாடிதான் தோட்டம்."

அவளே மேலே கேட்டாள். "அந்த வேலைய விட்டுட்டா, இருக்க எடத்தக் காலி பண்ணச் சொல்லுவாகளா?"

"அது எதுக்குச் சொல்லப் போறாங்க? நான் தங்கியிருக்கிறது வேற எடம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"வேண்டாம்னா நாளைக்கே போயிரலாமா?"

"இப்பவே போயிரலாம்."

"நெசமாவா?"

"நெசமாம்மா."

அதை அவள் மெல்ல விழுங்குவது போல இருந்தது. பிறகு குரலே மாறிவிட்டது. "அட்டை கடிக்கா?"

"கடிக்கு."

"உப்பக் கிழியில கட்டி வச்சுக்க. பெரிய ஆபீசரு, அது தெரியல." அடுத்த நிமிடம் போனைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். "ஏய், இங்க வாங்கடி. எம் மவன் களை எடுத்திருக்கான் பாருங்க, கீரைய விட்டு."

போட்டோ கைமாறிப் போவது கேட்டது. பெரிதாக்கிப் பார்க்கிறார்கள் போல. பக்கத்து வீட்டு அத்தையின் குரல் வந்தது. "ஆபீசர் சார், எடது மூலையில உண்ணி வேரு ஒண்ணு நிக்கி. அத விட்டீகன்னா அடுத்த மழைக்கு மறுபடி மொதல்ல இருந்து எடுக்கணும்."

"அதயும் எடுத்துரு" என்றாள் அம்மா.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த மூலைக்குப் போனேன். விரல் தடிமனுக்கு ஒரு வேர் இருந்தது.