ஓசாகாப் பேரம்

"தோட்டத்துப் பொண்ணு, ஜப்பான்காரன் பேசினா உனக்குப் புரியுமா?" என்று கிள்ளானில் மாமா சிரித்தார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

இப்போது எல்லை தாண்டி வந்து, சிராங்கூன் சாலைப் புடவைக்கடையில் நிற்கிறேன். என் வயது ஜப்பானியப் பெண் ஒருத்தி பேரம் பேசுகிறாள். அவள் பேசும் ஓசாகா வட்டாரப் பேச்சு என் ஜப்பானியப் பாடப்புத்தகத்தில் இல்லை. திங்களன்று கப்பல் பட்டறையில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் நேர்காணல். அங்கே அதிகாரிகள் எல்லாரும் ஓசாகாக்காரர்கள்.

கடைக்காரர் சொன்ன விலையை ஜப்பானிய மொழியில் சொல்கிறேன். அவள் வாய்பொத்திச் சிரிக்கிறாள்.

"ரேடியோ செய்தி மாதிரி பேசுறியே!"

"உங்க ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடேன்."

"பேரம் பேசினாத்தான் அது வரும். வா, இங்கேயே ஆரம்பிக்கலாம்."

அதைத் தமிழில் சொன்னதும் கடைக்காரர் அலறுகிறார்: "ஐயோ தங்கச்சி, என் கடையில வேண்டாம்லா! எதிர்ல தேக்கா மார்க்கெட் இருக்கு!"

அவளுடைய சாமான் கூடையைத் தூக்கிக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு நான் சாலையைக் கடந்துவிட்டேன்.