ராணியம்மாளின் தட்டு

2024ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் நாள். பிரான்சின் லியோன் நகரில் காலையிலிருந்தே சாரல் விடவில்லை.

ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகள் வாங்கிவரும் மீனை இருபத்தாறு ஆண்டுகளாகச் சமைத்துக் கொடுப்பவர் ராணியம்மாள். மீன் அவர்களுடையது என்பதால் உப்புப் பார்க்கக்கூட ஒரு துண்டை வாயில் வைக்கமாட்டார். அவர்கள் உண்டு எழுந்த பிறகே தம் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பார். வீட்டிலும் மிஞ்சியதே அவருக்கு. ஊர் ஊராகச் சென்று உண்பதில் ஆசையுள்ள மகள் ஐஸ்வர்யா, அம்மா ஒரு தட்டை முழுதாக உண்பதைப் பார்த்துவிட வேண்டும் என்றே அவரை இவ்வளவு தூரம் அழைத்து வந்திருந்தாள்.

உணவக மேசைக்கு வெண்ணெயில் வாட்டிய முழு மீன் வந்தது. ராணியம்மாள் அதை மகளின் பக்கம் நகர்த்தினார்.

"நான்தான் கோழி சொல்லியிருக்கேனேம்மா. இந்த மீன் உன்னுது."

"பக்கத்து மேசைக்காரங்க சாப்பிட்டு எழுந்திரிக்கட்டும் கண்ணு."

"அவங்க என்ன உன் கிராக்கியா?"

மீன் ஆறியது. சமையலறை வாசலுக்கு வந்த சமையல்காரப் பெண், ஈரக்கையைத் துடைத்தபடி அந்தத் தொடாத தட்டையே பார்த்து நின்றார். பயணிகளின் முதல் வாய்க்காகத் தாமும் அடுப்பருகே அப்படித்தான் நிற்பது ராணியம்மாளுக்கு நினைவு வந்தது.

"ஐயோ பாவம், அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு!"

கையாலேயே பிட்டு வாயில் போட்டார். சமையல்காரப் பெண் சிரித்தபடி உள்ளே போனார். ராணியம்மாள் நிறுத்தவில்லை.

ஐஸ்வர்யாவுக்கே நாவில் நீர் ஊறியது. "எனக்கு ஒரு வாய் தர்றியாம்மா?"

"மாட்டேன். வேணும்னா நீ தனியா சொல்லிக்க."