மூன்றாம் வரிசைச் சிரிப்பு

என் தங்கையின் முன்னாள் கணவனைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அவன் இயல்பாகச் சிரிப்பு வரவழைத்த ஆள் கிடையாது. அவனுக்கு ரப்பர் என்று பெயர் வைத்தது அவன் கணக்கெழுதிக்கொண்டிருந்த கப்பல் சரக்கு அலுவலகம். முகத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுப்பான். மேலாளர் மாதிரி மூக்கை உறிஞ்சுவான், காசாளர் மாதிரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முனகுவான். பக்கத்து மேசைக்காரர்கள் மூன்று பேர் சிரித்தார்கள். அந்த மூன்று பேரையும் உலகம் என்று நினைத்து வேலையை விட்டான். இன்று அவன் பேச்சை லட்சம் பேர் காதில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. பொறாமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவன். இருபத்திரண்டு வருடமாக அதே எந்திரம், அதே முக்காலி. எனக்கென்று ஆண்டவன் கொடுத்த ஒரே சொத்து என் சிரிப்பு. வயிற்றில் தொடங்கி, நடுவில் மூச்சு நின்று, செத்தானோ என்று பார்ப்பவர்கள் பயப்படும் நேரத்தில் ஒரு கீச்சுச் சத்தத்தோடு மறுபடி கிளம்பும். ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள்கூட அந்தச் சிரிப்புக்குச் சிரித்துவிடுவார்கள்.

ரப்பர் அப்போது என் அடுத்த வீட்டில் குடியிருந்தான். ஓர் உணவகத்தின் மாடியில் நாற்பது நாற்காலி போட்ட கூடத்தில், புதன்கிழமை மாலைகளில் புது ஆட்களை மேடையேற்றுவார்கள். துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மேலாளரின் மூக்கை உறிஞ்சிக் காட்டினான். அந்த மேலாளரை யாருக்குத் தெரியும்? கூடமே பிணம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்து, பாவமே என்று நான் சிரித்து வைத்தேன். கீச்சுச் சத்தம் வந்ததும் நாற்பது பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மேடையில் நின்றவன் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டான்.

அன்றிலிருந்து நான் அவனுடைய ஆள். மூன்றாவது வரிசையில், தூணுக்கு இடது பக்கம் என் நாற்காலி. முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஆள் வைத்திருப்பது தெரிந்துவிடும், கடைசி வரிசைச் சிரிப்பு முன்னால் வந்து சேராது. அவன் காது மடலைத் தொட்டால் சின்னச் சிரிப்பு. கைக்கடிகாரத்தின் வாரைச் சரிசெய்தால் பெரிய சிரிப்பு, மூச்சு நிற்கிற வகை. மாடிப்படியில் நின்று ஒத்திகை பார்ப்போம். அந்தக் கூடத்தில் கழிந்த நான்கு வருடத்தில் அவன் சொன்னவற்றில் பத்து ஜோக்காவது தேறுமா என்று கேட்டால், தேறாது. பிறகு ஏன் போனாய் என்றால், நான் வாயைத் திறந்தால்தான் நாற்பது பேர் திறப்பார்கள் என்பது பிடித்திருந்தது. கடையில் என் பேச்சைக் கேட்க ஈ காக்கை கிடையாது.

இரண்டாம் வருடம் என் தங்கை வந்தாள். அவளுக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. தூணுக்குப் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அடுத்த வருடம் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான், நான் அவனுக்கு மச்சான் ஆனேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு அவர்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு.

வானொலி நிலையத்து அம்மா ஒருவர் அந்தக் கூடத்துக்கு வந்து, நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவனைக் காலை நிகழ்ச்சிக்கு எடுத்தார். ஏழு மணி முதல் பத்து மணி வரை. போன முதல் வாரமே அவனுக்குக் குலை நடுங்கிவிட்டது. வானொலியில் முகத்தை இழுத்து என்ன பயன்? ஜோக் சொன்னால், சத்தத்தை அடக்கச் சுவரில் ஒட்டிய பஞ்சு அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. என்னைக் காலையில் வந்து உட்காரச் சொன்னான். எட்டரைக்குக் கடை திறக்க வேண்டும், முடியாது என்றேன்.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் ஒலிப்பதிவாளர் தாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்து நாற்பத்தொரு சிரிப்பைப் பதிவு செய்தார். மூக்கால் சிரிப்பது, வாயை மூடிச் சிரிப்பது, எதிராளி பேசி முடிக்கும் முன்பே பொத்துக்கொண்டு வருவது என்று வகைவகையாக. ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு பொத்தான். பெரிய சிரிப்புக்குச் சிவப்புப் பொத்தான். காப்பியும் நிலையத்தின் சின்னம் போட்ட தொப்பியும் கொடுத்தார்கள். மகாராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். எதற்கெல்லாம் போடுவீர்கள், எத்தனை நாள் போடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு அவனுக்கு ஏறுமுகம். டாக்சியில் ஏறினால் என் சிரிப்பு, முடிவெட்டப் போனால் என் சிரிப்பு. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: வானொலியில் அவன் ஒரு வித்தை கற்றுக்கொண்டான். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வான். எதிரே இருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார். அதை அவனைப்போலச் செய்கிறவர்கள் குறைவு. மற்ற நேரமெல்லாம் அவன் சரக்கு என் தங்கைதான். எட்டேகால் மணிக்கு ‘வீட்டுக்காரம்மா’ என்று ஒரு பகுதி. அவள் வண்டியை நிறுத்துகிற லட்சணம், தூக்கத்தில் உளறுவது, சாவியைத் தொலைப்பது எல்லாம் ஊருக்கே மனப்பாடம். வங்கியில் பணம் எடுக்கப் போனவளை, குளிர்பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டுத் தேடினது நீங்கள்தானே என்று காசாளர் கேட்டாராம். அதற்குப் பிறகு அவள் அந்த வங்கிப் பக்கம் போகவில்லை.

வானொலிக்குப் போன ஒன்பதாம் வருடம் ஒரு பெண் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்தாள். அன்று விடியற்காலையில் அப்பா இறந்துவிட்டார், அவருக்குப் பிடித்த நிகழ்ச்சி என்பதால் கூப்பிட்டேன் என்றாள். ரப்பர் அழுகை ஒலிபரப்பாவதைக் கண்டு பூரித்துப்போய்க் கையை நீட்டியவன், ஒலியளவைக் கூட்டுவதற்குப் பதில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டான். செத்த மனிதருக்கு நான் பதினொரு விநாடி சிரித்தேன். அதை நிறுத்தும் பொத்தான் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வாரமே நிலையம் அவனை வெளியே அனுப்பியது. போகும்போது நாற்பத்தொரு சிரிப்பையும் எடுத்துக்கொண்டு போனான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் தங்கைக்கு உறைத்தது. அதே வருடம் அவனை விட்டு விலகி, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை தேடிக்கொண்டு, அதன் பின்தெருவில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தாள்.

வேலை போனவன் சும்மா இருந்தானா? காலியாகக் கிடந்த படுக்கையறையின் சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து, இரண்டு ஒலிவாங்கி வாங்கிப் பாட்காஸ்ட் ஆரம்பித்தான். பெயர் ‘மனசு விட்டு’. மனசு இருந்தால்தானே விடுவதற்கு. முதலில் விருந்தாளிகளை அழவைத்தான். அது சலித்ததும் தன் கதைக்கு வந்தான். தன் கல்யாணம் ஏன் உடைந்தது என்று ஒரு மணி நேரம் பேசினான்.

என் தங்கைக்கு இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது. இரண்டாவது முறைக்குப் பிறகு, அழுவது வெளியே கேட்காமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் மூன்று பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது தெரியாது. அதை அவன் சொன்னான். சொல்லிவிட்டு, “எங்க தெருவுல தண்ணி வராத நாள்ல எங்க வீட்டுல சோகமே கிடையாது” என்றான். சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கீச்சுச் சத்தம் வரைக்கும் முழுதாக ஓடியது.

பல் மருத்துவமனையில் உதவியாளர் பெண் ஒருத்தி கைபேசியில் அதைச் சத்தமாக வைத்திருக்கிறாள். யாரைப் பற்றிய பேச்சு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. என் தங்கை எனக்குக் கூப்பிட்டாள்.

“நீ அங்க உக்காந்திருந்தியாண்ணே?”

இல்லை என்றேன். வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பதினொரு நாள் நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே தலைவலி என்றாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. எனக்கிருப்பது அவள் ஒருத்தி. அவள் துக்கத்துக்கு நான் எதிரே உட்கார்ந்து சிரித்தேன் என்று நினைத்துக்கொண்டு அவள் உயிரோடிருந்தால், நான் எதற்கு இருக்கிறேன்? அது பழைய பதிவு என்பதை அவளை நம்பவைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

ரப்பர் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவன் சட்டை நல்ல சட்டையாக இருந்தது. அதுவும் ஆத்திரமாக இருந்தது. என் சிரிப்பை எடுத்துவிடு, அந்த நிகழ்ச்சியையே எடுத்துவிடு என்றேன். அவன் பதறவில்லை.

“நீ சிரிச்சதுதானே மச்சான்? உன் பல்லைப் புடுங்கியா வச்சிருக்கேன்?”

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் அவனே ஒரு வழி சொன்னான். நிகழ்ச்சிக்கு வந்து உட்கார், நடந்ததைச் சொல், சொன்னபிறகு குழாய் நிகழ்ச்சியை எடுத்துவிடுகிறேன் என்றான். அவ்வளவு சுலபமாக அவன் எதையும் கொடுத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். என் தங்கை கேட்பாள் என்கிற நினைப்பு ஒன்றுதான்.

மெத்தைகளுக்கு நடுவே உட்காரவைத்தான். எப்படி ஆரம்பித்தது மச்சான் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். நான் கொட்டினேன். மூன்றாவது வரிசை, தூண், காது மடல், கடிகார வார், தாடி, நாற்பத்தொரு பொத்தான், எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்க் கதை பதிவானபோது நான் கடையில் இடது கண் லென்ஸ் ஒன்றை அரைத்துக்கொண்டிருந்தேன் என்று நேரத்தோடு சொன்னேன். இந்த ஆளுக்கு நகைச்சுவை என்பது மருந்துக்கும் வராது என்றும் சொன்னேன். அவன் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். என் சிரிப்பு அறை முழுக்க ஓட, நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “பாத்துக்குங்க, மச்சான் வாயே திறக்கல” என்று கேட்பவர்களுக்குச் சொன்னான். அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

அவன் ஆரம்பித்த நாளிலிருந்து அதிகம் பேர் கேட்டது அந்த நிகழ்ச்சிதானாம். கண்ணாடி வாங்க வந்தவர்கள் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எந்த விருந்தாளியும் இவனை இப்படி நாறடித்ததில்லை என்று மெச்சினார்கள். நாறடித்ததற்கும் சேர்த்து அவனுக்குத்தான் விளம்பரம் வந்தது. சொன்ன சொல்படி குழாய் நிகழ்ச்சியை எடுத்துவிட்டான். அதற்கு என்னிடம் நன்றியை எதிர்பார்த்து அவன் அனுப்பிய செய்திக்கு நான் பதில் போடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வீட்டுக்குப் போனேன். இந்த முறை சங்கிலியைக் கழற்றினாள். நாற்காலியைக் காட்டினாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், அதை நிறுத்தவில்லை. கேட்டியா என்று கேட்டேன். முழுக்கக் கேட்டேன் என்றாள்.

“இப்பவாவது நம்புறியா, அது பதிவுன்னு?”

“பதிவுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்ணே. ஒன்பது வருஷம் காலையில அதைக் கேட்டுக்கிட்டுத்தானே துணி துவைச்சேன்.”

பிறகு ஏன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாய், பிறகு ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் ஒரு தலையணை உறையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அங்க இருந்தியான்னு கேட்டேன். இல்லைன்ன. அத்தோட முடிச்சுக்கிட்ட. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மேசையில இருந்தியே, அதைப் பத்தி ஏதாவது சொல்லுவியான்னு காத்துக்கிட்டிருந்தேன். அவன் என்னைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவான். நான் கரண்டியோட நிப்பேன். நீ சிரிப்ப. அங்க யாரும் காதைத் தொடலையே. அது எதுக்குச் சிரிச்ச?”

பழக்கம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். மாப்பிள்ளை மனம் கோணக்கூடாது என்று, உன் வாழ்க்கை நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் சிரித்தேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். இரண்டும் வாய் வரைக்கும் வந்தன. மேடையில் பத்து ஜோக் தேறாத அந்த ஆள், சாப்பாட்டு மேசையில் என் தங்கையின் நடையையும் பேச்சையும் அப்படியே செய்துகாட்டும்போது, எனக்கு நிஜமாகவே அடக்க முடியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்திருக்கிறேன்.

“சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்” என்றேன்.

அவள் அடுத்த துணியை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள்.

“சரி. இதை அவன்கிட்டப் போய்ச் சொல்லிடாத. இதையும் ஒரு மணி நேரம் ஓட்டிருவான்.”

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தேன்.